ஒரே குழாயில் இரண்டு பாய்லர்: பசுமலைக்கு அப்பால் ஒரு மில் பயணம்

மதுரைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோயிலுக்குப் போகிறார்கள். நான் வால்வுக்கு அளவெடுக்கப் போனேன். இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு, பங்குனி மாதம். வெயில் காலத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று பட்டறையில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் மில்காரர்கள் அவசரப்பட்டார்கள்.

அப்போது நான் திருச்சியில் ஒரு பட்டறையில் இருந்தேன். ஆவிக் குழாய்களும் வால்வுகளும் செய்து, கேட்ட இடத்துக்குப் போய்ப் பொருத்திக் கொடுப்பது எங்கள் தொழில். பசுமலையைத் தாண்டி இருந்த ஒரு நூல் மில்லில் இரண்டு பாய்லர்கள். இரண்டும் தங்கள் ஆவியை மேலே ஓடும் ஒரே பெரிய குழாய்க்குள் விடும். அந்தக் குழாயிலிருந்துதான் எஞ்சின் எடுத்துக்கொள்ளும். அதை நாங்கள் தலைக்குழாய் என்போம், மில்லில் ஹெட்டர் என்பார்கள். ஒவ்வொரு பாய்லருக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவே ஒரே ஒரு வால்வு இருந்தது. முந்தைய ஆண்டு சோதனைக்கு வந்த அதிகாரி, இது போதாது, பாய்லருக்கு இரண்டு வால்வு வேண்டும், இரண்டுக்கும் நடுவே வெளியே திறக்கும் ஒரு சின்னக் குழாயும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வருஷம் இழுத்தடித்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

ஏன் இரண்டு என்று வாசிப்பவர்கள் கேட்கலாம். ஒரு பாய்லரை ஆறவைத்து, அதற்குள் ஆள் இறங்கி, படிந்த உப்பைக் கொத்தி எடுக்கும்போது, பக்கத்துப் பாய்லர் முழு ஆவியில் இருக்கும். உள்ளே இருக்கும் மனிதனுக்கும் அந்த ஆவிக்கும் நடுவே நிற்பது அந்த ஒற்றை வால்வுதான். இரண்டு இருந்தால், முதலாவது கசியவிடுகிற ஆவி நடுவிலுள்ள சின்னக் குழாய் வழியாக வெளியே போய்விடும். இரண்டாவதைத் தாண்டி மனிதனிடம் வராது. விஷயம் இவ்வளவுதான். பயணத்துக்கு வருகிறேன்.

திருச்சியிலிருந்து காலை வண்டி. மூன்றாம் வகுப்புக் கட்டணம் இரண்டு ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். காலை வெயில் முகத்தில் அடிக்காது, திண்டுக்கல் தாண்டியதும் கொடைக்கானல் மலை தூரத்தில் நீலமாகத் தெரியும். சோழவந்தான் பக்கம் வந்தால் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலுமாகக் கொஞ்ச நேரம் கண் குளிரும். பிறகு வைகைப் பாலம். பங்குனியில் வைகை என்றால் மணல்தான். ஓரமாக ஓடிய ஒரு சின்ன வாய்க்காலில் வெளுத்த வேட்டிகள் மணலில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. என் எதிரே இருந்த செட்டியார் பாலத்தில் வண்டி ஏறியதும் கையைக் கூப்பினார், மணலைப் பார்த்தா கோபுரத்தைப் பார்த்தா என்று தெரியவில்லை.

ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த சத்திரத்தில் படுத்தேன். இடம் இலவசம், பாய் மட்டும் வாடகை. மூட்டைப்பூச்சி உண்டு, அதனால் சொந்த ஜமக்காளம் கொண்டுபோவது நல்லது. பக்கத்துக் காபி கிளப்பில் இட்லி நன்றாக இருந்தது, காபி சுமார்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் ஒரு ஜட்கா பிடித்தேன். "மில்லுக்குப் போகணும்" என்றதும் வண்டிக்காரர் கேள்வியே இல்லாமல் குதிரையை வடக்கே திருப்பினார். கொஞ்ச தூரம் போனபின்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"பசுமலைக்குத்தானே போறோம்?"

"பசுமலையா? மில்லுன்னா ஆரப்பாளையம் பக்கந்தேன்னு நெனச்சேன். மொதல்லயே சொல்லப்படாதாய்யா" என்று அலுத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார். நீங்கள் போனால் ஊர்ப் பெயரை முதலில் சொல்லுங்கள், மில்லைப் பிறகு சொல்லுங்கள். ஸ்டேஷனிலிருந்து ஏறக்குறைய நாலரை மைல். ஆறணா கேட்டார், கொடுத்தேன்.

பழங்காநத்தம் தாண்டினால் திருமங்கலம் சாலையின் இருபுறமும் சமவெளி. பருத்தி எடுத்து முடித்த கரிசல் வெடித்துக் கிடந்தது. பசுமலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாகப் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். அதைக் கடந்து மண்பாதையில் திரும்பியதும் புகைபோக்கி தெரிந்தது. அந்தச் சமயத்தில் நகரத்துப் பக்கத்து மில்கள் பல மின்சாரத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. இது இன்னும் விறகும் கரியும் ஆவியுமாகவே இருந்தது.

மானேஜர் டவுனுக்குப் போயிருந்தார். பாய்லர் மேஸ்திரி காத்தமுத்து என்னை அழைத்துக்கொண்டு போனார். ஐம்பது வயதிருக்கும். குட்டையான, அகலமான மனிதர். தோளில் ஒரு துண்டு. பாய்லர் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று நுழைந்த உடனே தெரிந்தது. கரி தள்ளுகிற இரண்டு பேரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் மண்வெட்டியைத் தொட்டார்கள்.

"இந்தா, இது ஒண்ணாம் நம்பரு. ஆறப்போட்டு மூணு நாளாச்சு, உள்ள உப்பு கொத்துறாங்க. அது ரெண்டாம் நம்பரு, அதுதேன் இப்ப மில்ல ஓட்டுது. வேணுங்கிற அளவ எடுத்துக்கங்க. ஆனா ஒண்ணு சொல்லிப்புடுறேன் திருச்சிக்காரரே, இங்க ரெண்டு வால்வுக்கு வேலையே இல்ல. நான் கை வச்சு மூடுனா மூடுனதுதேன்."

மேஸ்திரிகளிடம் வாதாடுவது என் வேலை அல்ல. ஏணியில் ஏறிப் பாய்லரின் முதுகுக்குப் போனேன். இரண்டும் செங்கல் கட்டுக்குள் படுத்துக்கிடந்தன. தலைக்குழாய் இரண்டுக்கும் மேலே குறுக்கே போனது. ஒன்றாம் நம்பரின் மேல்வாசல் திறந்திருந்தது. அதற்குள்ளிருந்து சுத்தியல் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். லாந்தர் வெளிச்சத்தில் ஒரு மனிதர் குனிந்து கொத்திக்கொண்டிருந்தார். முதுகில் கோணிச் சாக்கை இரண்டாக மடித்துப் போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தார்.

"சாக்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

"மேலேருந்து சொட்டுது சார். வெந்நி. சுடுது" என்றார். அவர் பெயர் சோலை. காத்தமுத்துவின் தங்கையைக் கட்டியவர் என்று பிறகு தெரிந்தது.

எனக்கு அளவெடுப்பதில் மனம் போகவில்லை. வால்விலிருந்து பாய்லருக்குள் இறங்குகிற குழாயில் கை வைத்தேன். மூன்று நாளாக ஆறிக்கிடக்கிற பாய்லரின் குழாய் வால்வை ஒட்டிக் கொஞ்சம் சுடலாம். கீழே போகப் போகக் குளிர்ந்திருக்க வேண்டும். இதுவோ அடிவரை கை வைக்க முடியாமல் கொதித்தது. வால்வு ஆவியை விட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சமாக, ஆனால் விட்டுக்கொண்டிருந்தது.

கீழே இறங்கிக் காத்தமுத்துவிடம் சொன்னேன். அவர் மேலே வந்தார். வால்வுச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து, முகம் சிவக்க முறுக்கிக் காட்டினார். நூலளவும் நகரவில்லை.

"பாத்தீங்களா? இதுக்கு மேல எங்க மூட? இரும்புன்னா சூடு ஏறத்தேன் செய்யும்."

"சொட்டுதுன்னு அவரே சொல்றாரே."

"என்னைக்குத்தேன் சொட்டல?"

"மேஸ்திரி, அவரை வெளியே வரச் சொல்லுங்க. குழாயைக் கழற்றி நடுவில் ஒரு தகடு போட்டு அடைத்துவிட்டு வேலை செய்யட்டும்."

"தகடு போடணும்னா ரெண்டாம் நம்பரையும் நிறுத்தணும். மில்லு நிக்கும். மானேஜரு என்னையத்தேன் கேப்பாரு, உங்கள இல்ல." அவர் குரல் உயர்ந்தது. "உள்ள இருக்கிறது யாருன்னு நெனச்சீங்க? என் தங்கச்சி புருசன். அவன நான் கொல்லுவனா?"

நான் மேல்வாசலில் குனிந்து, "சோலை, கொஞ்சம் மேலே வாங்க" என்றேன்.

"மச்சான் சொன்னா வாரேன் சார்" என்று பதில் வந்தது.

காத்தமுத்து அதைக் கேட்டதும் தோளில் இருந்த துண்டைத் தலையில் கட்டினார். இன்னொரு சுத்தியலை எடுத்தார். "இரு மாப்ள, நானும் வாரேன்" என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே வாசலில் காலை விட்டு உள்ளே இறங்கிவிட்டார். இப்போது உள்ளே இரண்டு பேர். இரண்டு சுத்தியல் சத்தம்.

என்னுடைய கவலை சொட்டுவது பற்றி மட்டும் அல்ல. பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதும், எஞ்சின் நிற்கும். ஆவியைக் குடிக்கிற எஞ்சின் நின்றால் தலைக்குழாயில் ஆவி தேங்கும், அழுத்தம் ஏறும், ஏற்கெனவே கசிகிற அந்த வால்வு தாங்காமல் போகலாம். அதனால் நிறுத்துவதற்கு முன்பே பாய்லரில் நெருப்பை அடக்கிவைக்க வேண்டும். அடக்கு என்று சொல்கிறவர் மேஸ்திரி. மேஸ்திரி உள்ளே. கரி தள்ளுகிறவர்களிடம் போய் நெருப்பை வெளியே இழுங்கள் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அண்ணே சொல்லாம நாங்க தொட மாட்டோம்ங்க" என்றார் ஒருவர். நான் வெளியூர்க்காரன், அவர்கள் சொன்னதில் தப்பில்லை.

எஞ்சின் வீடு அடுத்த கட்டடம். எஞ்சின் டிரைவர் இபுராகிம் ராவுத்தர் எண்ணெய்க் குப்பியோடு நின்றிருந்தார். ஒல்லியான, வெள்ளைத் தாடிக்காரர். அவரும் காத்தமுத்துவும் ஒரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை என்று வண்டியைவிட்டு இறங்கியபோதே வாசல் காவலாளி சொல்லியிருந்தார். ஆவியோடு தண்ணீர் வந்து எஞ்சினுக்குள் ஏதோ உடைந்ததாம். பாய்லர் மேல் தப்பா எஞ்சின் மேல் தப்பா என்று தொடங்கிய சண்டை.

உள்ளே இருப்பவர்கள் வெளியே வரும்வரை எஞ்சினை நிறுத்த வேண்டாம் என்று நான் சொன்னதை ராவுத்தர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உள்ள யாரு?"

"சோலையும் மேஸ்திரியும்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கையைத் துணியில் துடைத்தார். "சரி, நிறுத்தல" என்றார்.

சங்கு ஊதியது. ஆட்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேப்பமர நிழலுக்கு நடந்தார்கள். எஞ்சின் நிற்கவில்லை. பெரிய சக்கரம் அதே வேகத்தில் சுற்றியது, அதிலிருந்து மில்லை ஓட்டும் கயிறுகள் அதே இரைச்சலோடு ஓடின. கதவு வழியாக நூற்பு அறை தெரிந்தது. நூல் முறுக்கும் ஆயிரக்கணக்கான கதிர்கள் ஆள் இல்லாமல் சுழன்றுகொண்டிருந்தன. அறுந்த நூலை ஒட்ட யாரும் இல்லாததால் பஞ்சு தூளாகப் பறந்து அறை முழுவதும் மிதந்தது. போன ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து வாசலில் நின்று பார்த்தார்கள். நான் பல மில்கள் பார்த்திருக்கிறேன். ஒரு முழு மில் யாரும் வேலை செய்யாமல் ஓடியதை அன்றுதான் பார்த்தேன்.

அப்போதுதான் டவுனிலிருந்து மானேஜரின் கார் வந்து நின்றது. அவர் ஓட்டமாக வந்தார்.

"யாருய்யா ஓட்டச் சொன்னது? நூலெல்லாம் நாசமாப் போகுது, நிறுத்து!"

"பாய்லருக்குள்ள ஆளு இருக்குங்க. வெளிய வந்ததும் நிறுத்துறேன்."

"எனக்கே பதில் சொல்றியா? நிறுத்துன்னா நிறுத்து."

ராவுத்தர் எஞ்சினை நிறுத்துகிற சக்கரத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். கையைக் கட்டவில்லை, ஓங்கவில்லை. சும்மா நின்றார். மானேஜர் என் பக்கம் திரும்பினார். நான் யார் என்றும் என்ன நடக்கிறது என்றும் சொன்னேன். அந்த இரைச்சலில் பாதிதான் அவர் காதில் விழுந்திருக்கும்.

காத்தமுத்துவை வெளியே கொண்டுவந்தது நானும் இல்லை, மானேஜரும் இல்லை. எஞ்சின் நிற்காததுதான். முப்பது வருஷமாகச் சங்குக்குப் பின் அந்தச் சத்தம் அடங்குவதைக் கேட்டுப் பழகிய காது அவருடையது. அடங்கவில்லை என்றதும் உள்ளே இருப்புக் கொள்ளவில்லை. மேலெல்லாம் உப்புத்தூளோடு, வெள்ளை உருவமாக எஞ்சின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"என்னய்யா நடக்குது இங்க? சங்கு ஊதி எம்புட்டு நேரமாச்சு? காது கேக்கலையா உனக்கு?"

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் ராவுத்தரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"மாப்ள எங்க?" என்றார் ராவுத்தர்.

"எவன்?"

"சோலை. எங்க இருக்கான்?"

"உள்ளதேன் இருக்கான்."

"அவனக் கூட்டியா. கூட்டியாந்து இங்க என் கண்ணுல காட்டு. அதுக்கப்புறம் நீ எம்புட்டு வேணா திட்டு, நான் கேட்டுக்கிறேன்."

ராவுத்தர் முகத்தில் என்ன பார்த்தாரோ தெரியவில்லை. காத்தமுத்து திரும்பி நடந்தார். நடந்தவர் பாதியில் ஓடினார். "மாப்ள! ஏய் மாப்ள! ஏறி வாடா!" என்று அவர் போட்ட சத்தம் எஞ்சினையும் மீறிக் கேட்டது.

சோலை வந்தார். முதுகில் சாக்கு இல்லை, உள்ளேயே விட்டுவிட்டார். ராவுத்தர் இரண்டு பேரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, சக்கரத்தைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். கயிறுகளின் இரைச்சல் மெல்ல இறங்கி அடங்கியது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மானேஜர் என்னைப் பார்த்த பார்வையில், இதற்காகவா என்ற கேள்வி இருந்தது. பிறகு இரண்டாம் நம்பரின் பாதுகாப்பு வால்வு தூக்கிக்கொண்டு சீறியது. நெருப்பை யாரும் அடக்கவில்லையே. அந்த அதிர்வில் தலைக்குழாய் ஒரு முறை நடுங்கியது. 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடியில் ஒன்றாம் நம்பரின் மேல்வாசலிலிருந்து, ஆறிக் கிடந்த அந்தப் பாய்லரிலிருந்து, வெள்ளையாக ஆவி எழுந்தது. முதலில் புகை மாதிரி. பிறகு வாசல் நிறையப் பெரும் சத்தத்தோடு எழுந்து கூரைத் தகட்டில் போய் மோதியது.

காத்தமுத்து கரி தள்ளுகிறவர்களைத் தள்ளிவிட்டுத் தானே போய் நெருப்பை வெளியே இழுத்தார். ஆவி அடங்க வெகுநேரம் ஆனது. அதுவரை யாரும் சாப்பிடப் போகவில்லை.

சோலை கரிக் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

"மூணு வருசமா சாக்கக் கட்டிக்கிட்டுத்தேன் எறங்குறேன். பாய்லருன்னா சொட்டத்தேன் செய்யும்னு நெனச்சிருந்தேன்."

மறுநாள் ஞாயிறு, மில்லுக்கு விடுமுறை. இரண்டு பாய்லரும் ஆறியபின் நானும் காத்தமுத்துவும் அந்த வால்வைக் கழற்றினோம். மூடியும் அது உட்காரும் வளையமும் சந்திக்கும் இடத்தில் ஓர் அழுந்திய தடம் இருந்தது. புளியங்கொட்டை அளவு உப்புக்கட்டி ஒன்று அங்கே மாட்டியிருந்திருக்கிறது. அதன்மேல்தான் அவர் முறுக்கி முறுக்கி மூடியிருக்கிறார். அதிர்வில் அது நொறுங்கிப் பறந்ததும் அந்த அளவுக்கு இடைவெளி திறந்துவிட்டது. மிச்சத் துண்டு குழாயின் வளைவில் கிடந்தது. காத்தமுத்து அதை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"நான் நல்லாத்தான மூடுனேன்" என்றார்.

"நல்லாத்தான் மூடினீங்க" என்றேன். அது ஆறுதலுக்குச் சொன்னதல்ல. எவ்வளவு நல்ல கை மூடினாலும் உள்ளே என்ன மாட்டியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

அளவெடுத்து முடித்தேன். தகடு போட்டு அடைத்தபின், மீதி உப்பைக் காத்தமுத்துவே இறங்கிக் கொத்தினார். சோலை இறங்க மாட்டேன் என்றுவிட்டார். பிறகு அவரைப் பஞ்சுக் கிடங்கு வேலைக்கு மாற்றிக்கொண்டார்கள். பாழான நூலுக்காக மானேஜர் ராவுத்தரை ஆபீசுக்குக் கூப்பிட்டு ஏதோ பேசினார். என்ன பேசினார் என்று ராவுத்தர் யாரிடமும் சொல்லவில்லை.

இதுபோன்ற மில்களுக்கு அளவெடுக்கவோ பழுது பார்க்கவோ போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தை. சனிக்கிழமை போய்ச் சேராதீர்கள்; வெள்ளிக்கிழமையே போய், ஞாயிறு வரை தங்கினால்தான் எல்லாம் ஆறிய நிலையில் பார்க்க முடியும். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள், அந்தப் பக்கத்துக் கிணறுகள் உப்பு. பாய்லர் வீட்டில் நுழைந்ததும் அளவுகோலை எடுக்காதீர்கள். முதலில் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு ஆறிய பாய்லரின் குழாயைக் கையால் தொட்டுப் பாருங்கள். தகடு போட்டு அடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு வால்வும் மூடி, நடுவிலுள்ள குழாய் திறந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மரியாதையாக வெளியே வந்துவிடுங்கள், மேஸ்திரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

ஆவணியில் புது வால்வுகளோடு மறுபடி போனேன். பொருத்தி முடித்த அன்று பகலில் எஞ்சின் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சங்கு ஊதியது. ராவுத்தர் எஞ்சினைத் தொடாமல் வெளியே போனார். பாய்லர் வீட்டு வாசலில் நின்று, "காத்தமுத்து! எல்லாம் வெளியதான?" என்று கத்தினார். உள்ளிருந்து, "வெளியதேன் ராவுத்தரே, நிறுத்து" என்று குரல் வந்தது. அதன்பிறகுதான் திரும்பி வந்து சக்கரத்தில் கை வைத்தார்.

"இப்போதுதான் இரண்டு வால்வு போட்டாச்சே" என்றேன்.

"போட்டாச்சு சார்" என்றார், சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே. "ஆனா கேட்டுப்புட்டு நிறுத்துறதுல எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"